சீல் வச்ச முட்டை

படம் இல்லண்ணே, ட்ரெய்லர். பக்கத்து சீட்டுல இருந்து எட்டிப் பாத்ததுல தப்பே இல்ல, நாந்தான் சத்தத்தக் கொறைக்காம வச்சிருந்தேன். இந்தாங்க, கையில வாங்கி நல்லாப் பாருங்க. ரெண்டு நிமிசங்கூட ஓடாது.

பாத்தாச்சா?

அந்தம்மா மாட்டிக்கிருச்சா இல்லையாவா? அதத்தாண்ணே எல்லாரும் கேக்குறாய்ங்க. படம் எப்ப வரும், எங்க வரும், யூடியூப்ல போடுவீங்களாங்கிறாய்ங்க. படமே கெடையாதுண்ணே. எடுக்கவே இல்ல. எடுக்கப் போறதும் இல்ல. எங்களுக்குச் சொன்னதே ட்ரெய்லர் மட்டும் எடுத்துட்டு வாங்கன்னுதான்.

சிரிக்காதீங்க. நானும் மொதல்ல சிரிச்சேன். மதுரையில ஒரு காலேஜு, பேரு எதுக்கு, அதுல விஸ்காம் ரெண்டாவது வருசம் படிக்கிறேன். சினிமா, போட்டோ, விளம்பரம் இதெல்லாம் சொல்லிக் குடுக்குற படிப்பு. எங்கப்பா இன்னமும் சொந்தக்காரங்ககிட்ட பி.காம்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. எங்க சரவணமுத்து சார் ஒரு நாளு வந்து, "சமூக எதார்த்தப் படம் ஒண்ணு எடுத்ததா நெனச்சுக்கிட்டு, அதுக்கு ட்ரெய்லர் மட்டும் செஞ்சு காட்டுங்க"ன்னாரு. பாட்டு இருக்கக் கூடாது, மேக்கப் இருக்கக் கூடாது. நெசமான ஆளுங்க, நெசமான எடம். ஏழைபாழைங்க படுற பாட்ட அப்பிடியே காட்டணும். அப்புறம் இன்னொண்ணும் சொன்னாரு. "ட்ரெய்லர்ல கேள்விய மட்டும் வைங்கடா. பதில வச்சீங்கன்னா எவன் படத்துக்கு வருவான்?" இத நல்லா மனசுல வாங்கிக்கங்கண்ணே. நான் பண்ணது பூராம் இதத்தான். சார் சொன்னதத்தான் பண்ணேன்.

எங்க டீமு மூணு பேரு. கேமராவுக்கு ஆசிக்குன்னு ஒருத்தன், எடிட்டிங் மெர்லின், டைரக்சன் நானு. கேண்டீன்ல ஒக்காந்து எந்தக் கஷ்டத்த எடுக்கலாம்னு பேசுறோம். புரோட்டாவப் பிச்சுப் போட்டு சால்னாவ ஊத்திக்கிட்டே பேசுறோம். சாக்கட அள்ளுறவுங்களப் பத்தி எடுக்கலாம்னான் ஆசிக்கு. அத போன வருசம் சீனியருங்க எடுத்துட்டாய்ங்க. குப்ப பொறுக்குறவுங்க? அது அதுக்கு முந்துன வருசம். செங்கச் சூளையா? பக்கத்து டீமுக்காரய்ங்க ஏற்கெனவே துண்டு போட்டு வச்சுட்டாய்ங்க. மெர்லின் கடுப்பாகி, "ஏண்டா, இம்புட்டுப் பெரிய ஊர்ல நமக்குன்னு ஒரு கஷ்டங்கூடவா மிச்சமில்ல"ன்னுச்சு.

அப்பத்தான் எனக்கு எங்க அத்த ஞாபகம் வந்துச்சு.

இப்பச் சொல்லும்போது ஒரு மாதிரியாத்தான் இருக்கு. கஷ்டம்னதும் அத்த ஞாபகம். அதுவரைக்கும் அத்தைய நான் கஷ்டப்படுற ஆளுன்னு நெனச்சதே இல்லண்ணே. போனா கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கும். கெளம்பும்போது முறுக்கு, சீடைன்னு பையில திணிக்கும். அம்புட்டுத்தான். பவுனுத்தாயின்னு பேரு, எங்கப்பா கூடப் பொறந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர்ல குடியிருக்கு. அந்த ஊரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்குது. பிள்ளைங்க பூராம் சோத்தம்மான்னுதான் கூப்பிடும். சந்தையில அத்த போனாக்கூட, சோத்தம்மா சோத்தம்மான்னு பின்னாடியே ஓடிவரும். அத்தைக்கு அதுல அம்புட்டுப் பெருமை.

கதைய நாந்தான் யோசிச்சேன். சத்துணவு ஆக்குற அம்மா ஒண்ணு, ஒரு முட்டைய யாருக்கும் தெரியாம முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டுப் போகுது. ஏன் எடுத்துட்டுப் போகுது? அதான் கேள்வி. பதிலு என்னான்னா, காய்ச்சல்ல பள்ளிக்கூடம் வராமக் கெடக்குற ஒரு பிள்ளைக்கு, அந்தப் பிள்ளையோட பங்கத்தான் கொண்டுட்டுப் போயிக் குடுக்குது. நல்ல கதைதானண்ணே? யாரு மேலயும் பழி போடுற கதையா இது? நீங்களே சொல்லுங்க. அத்தைய நல்லவுங்களாத்தான் எழுதிருக்கேன்.

போன் போட்டுச் சொன்னதும் அத்தைக்குச் சந்தோசம் தாங்கல. "எங்க மருமகன் படத்துல நானா? ஏய்யா, நான் கறுப்பா இருக்கேனேய்யா"ன்னுச்சு. கறுப்பா இருந்தாத்தான் அத்த நல்லதுன்னேன். அத நான் நல்ல வெதமாத்தான் சொன்னேன். எதார்த்தம்ல?

ஒரு ஞாயித்துக்கெழம மூணு பேரும் போயி எறங்குறோம். அத்த பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு, தல நெறையா மல்லியப்பூ, முகத்துல பவுடரு, வாசல்லயே நிக்குது. எனக்குப் பகீர்ன்னு ஆயிப்போச்சு. போயி மூஞ்சியக் கழுவுங்கத்தேன்னேன். பூவ எடுக்கச் சொன்னேன். பழைய சேலையா ஒண்ணக் கட்டச் சொன்னா, அத்தைகிட்ட இருந்த பழசு ஒண்ணுமே எனக்குப் பத்தல. எல்லாத்தையும் தொவச்சுக் கஞ்சி போட்டு மடிச்சு வச்சிருக்கு. கடைசியில ஒரு சேலைய எடுத்து நானே ஓரத்துல கொஞ்சம் கிழிச்சுவிட்டேன். மாமா போன தீவாளிக்கு எடுத்துக் குடுத்த சேலையாம். அது எனக்கு எப்பிடித் தெரியும்?

வீட்டுக்குள்ள கேமராவ வச்சா, பெரிய பிரிட்ஜு ஒண்ணு நடுவுல நிக்குது. அதுமேல பிளாஸ்டிக்குப் பூச்சாடி வேற. ஏழ வீட்டுல பிரிட்ஜு இருக்கலாமாண்ணே? பாயத் தொங்கவிட்டு மறைச்சோம். டிவியத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில வச்சோம். எங்க தவசி மாமா லாரி ஓட்டுறவரு, அன்னிக்கு வீட்டுல இருந்தாரு. இதெல்லாம் ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு, "மாப்ள, இம்புட்டுப் பாடுபட்டு வாங்குனத இம்புட்டு வெரசா இல்லாதவனா ஆக்கிட்டியே"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம். மெர்லின் மட்டும் சிரிக்கல. அது எப்பவுமே அப்பிடித்தான், ஒரு உம்மணாமூஞ்சி.

அப்புறம் சமையக்கூடத்துக்குப் போனோம். சாவி அத்தைகிட்டத்தான் இருக்கும். சத்துணவப் பாத்துக்கிற அமைப்பாளர் டீச்சர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோமான்னுச்சு அத்த. ஞாயித்துக்கெழம போயி அவுங்களத் தொந்தரவு பண்ணணுமா, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்னு நாந்தான் சொன்னேன். அத்தையும் சரின்னு தெறந்துவிட்டுச்சு. நான் கேட்டு அத்த எதையும் இல்லன்னு சொன்னதில்லண்ணே. அதான் பிரச்சினையே.

முட்டைய நாங்க கடையில வாங்கிட்டுப் போயிருந்தோம். இத அழுத்திச் சொல்றேன், கேட்டுக்கங்க. முக்குக் கடையில நானே போயி வாங்குனேன். ஆனா வெள்ளையா வெறும் முட்டைய வச்சு எடுத்தா அது சத்துணவு முட்டன்னு எவனுக்குத் தெரியும்? நெசமான சத்துணவு முட்டையில கலர் மையில ஒரு சீல் குத்தியிருக்கும், பாத்திருக்கீங்களா? வெளிய வித்துறக் கூடாதுன்னு குத்துறது. ஆசிக்கு, "எவன்டா அம்புட்டு உத்துப் பாக்கப் போறான்"னான். எதார்த்தம்னா எதார்த்தமா இருக்கணும்டான்னு சொல்லிட்டு, ஒரு உருளைக்கெழங்கப் பாதியா வெட்டி, அதே மாதிரி செதுக்கி, ஸ்டாம்ப் பேடு மையத் தொட்டுக் குத்துனேன். நாலஞ்சு முட்ட ஒடஞ்சு போச்சு. ஆனா கடைசியில ஒண்ணு வந்துச்சு பாருங்க, அசலு தோத்துப்போகும். அத்தையே கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஆத்தாடி, எங்க முட்ட மாதிரியே இருக்கேய்யா"ன்னுச்சு.

அந்த க்ளோசப்ப இப்ப பாத்தீங்கள்ல? முட்டைய முந்தானையில சுத்தும்போது சீலு ஒரு நொடி தெரியும். அதுக்குத்தாண்ணே காலேஜ்ல கைதட்டுனாய்ங்க.

அதுக்கடுத்து வர்ற அந்த முகம். முட்டைய முடிஞ்சுட்டு, கதவுப் பக்கம் திரும்பி ஒரு பார்வ பாக்கும்ல? அதப் பத்தித்தான் எல்லாரும் பேசுறாய்ங்க. எங்க சாரு கிளாஸ்ல அத நிப்பாட்டி வச்சே பாடம் எடுத்தாரு. அது எப்பிடி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

அத்தைக்கு அந்தப் பார்வ வரவே இல்லண்ணே. முட்டைய முடியும், திரும்பும், நேரா கேமராவப் பாத்துச் சிரிக்கும். யாரோ வர்ற மாதிரி நெனச்சுக்கிட்டுப் பயந்து பாருங்கத்தேன்னேன். "எங்க கூடத்துல நான் எதுக்குய்யா பயப்படணும்"னு கேக்குது. களவாண்டுட்டுத் திரும்புற மாதிரி பாருங்கத்தேன்னேன். களவாணி எப்பிடிப் பாப்பான்னு எனக்கு எப்பிடிய்யா தெரியும்னு மறுபடியும் சிரிக்குது. வெளிச்சம் வேற போயிக்கிட்டு இருக்கு. ஆசிக்கு வாட்சப் பாக்குறான். எனக்கு எங்கிட்டு இருந்து வந்துச்சோ, சத்தம் போட்டுட்டேன். "ஒனக்கு அறிவு இருக்கா அத்த? சோறு ஆக்குறதத் தவிர என்ன தெரியும் ஒனக்கு? ஒன்னய நம்பி இம்புட்டுப் பேரக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னயச் சொல்லணும்." நீங்க வாங்கன்னு பேசுறவன், நீ வா போன்னு பேசிட்டேன். மாமா நிக்கிறாரு. மெர்லின் நிக்கிது.

அத்தையோட மூஞ்சி அப்பிடியே விழுந்துருச்சுண்ணே. முந்தானையில முடிஞ்ச முட்டையோட, கதவுப் பக்கம் நின்ன என்னயத் திரும்பிப் பாத்துச்சு.

அதான் அந்தப் பார்வ.

கோவத்துல வந்துருச்சு, நான் வேணும்னு பண்ணலன்னு மாமாகிட்டச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க எங்கயோ எறங்கிப் போகப் போறவரு. சத்தம் போடுறதுக்கு முன்னாடியே ஆசிக்குக்குக் கண்ணக் காட்டிட்டேன், கேமராவ ஓட விடுன்னு. ஷாட்டு முடிஞ்சதும் அத்த கையப் பிடிச்சு, சும்மா நடிப்புக்குத்தான் அத்த திட்டுனேன்னேன். "அப்பிடியாய்யா, நல்லா வந்துச்சா?"ன்னு கேட்டுச்சு. அப்புறம் எல்லாருக்கும் கோழிக்கொழம்பு ஊத்துச்சு. நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டேன்.

பதிலையும் எடுத்தோம்ணே. காய்ச்சக்காரப் பிள்ளையா பக்கத்து வீட்டுப் பாப்பாவப் படுக்க வச்சு, அத்த முட்டைய உரிச்சு ஊட்டுற மாதிரி எடுத்தோம். அழகா வந்துச்சு. அது ட்ரெய்லர்ல இல்ல. மெர்லின் விட்டுருச்சு. அதாவது, எடிட்டிங் அதுதான பண்ணுச்சு. இல்ல, அப்பிடிச் சொல்லக் கூடாது. அது வைக்கணும்னுதான் சொல்லுச்சு. "ஒரு செகண்டாச்சும் வைப்போம்டா, இல்லைன்னா அவுங்க திருடுன மாதிரியே முடியுது"ன்னு சண்ட போட்டுச்சு. கேள்விய மட்டும் வைக்கச் சொல்லிருக்காருல்ல சாருன்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். அந்தப் பிள்ளைய வச்சா மனசு எளகிரும்ணே, பாக்குறவனுக்குப் பதட்டம் போயிரும். மெர்லின் லேப்டாப்ப என் பக்கம் தள்ளிவிட்டுட்டு, அப்ப நீயே வெட்டிக்கன்னுச்சு. நாந்தான் வெட்டுனேன்.

காலேஜ்ல மொத பரிசு. சந்தோசத்துல அத்தைக்கு அனுப்பிவிட்டேன். அத்தைக்கு மட்டுந்தான் அனுப்புனேன், அதையும் நல்லாக் கேட்டுக்கங்க. அத அத்த போன்ல இருந்து மாமா எடுத்து, லாரிக்காரங்க குரூப்பு, ஊருக் குரூப்பு, கோயில் கமிட்டி குரூப்புன்னு ஒண்ணு விடாமப் போட்டுவிட்டாரு. "என் சம்சாரம் கதாநாயகி"ன்னு மேல எழுதி வேற போட்டிருக்காரு. பாவம், அவருக்கும் ஆச இருக்கும்ல.

மொத நாளு ஊரே கொண்டாடிருக்கு. கடைக்குப் போனா கதாநாயகி வந்துருச்சுன்னு கேலி பண்ணிருக்காங்க. மறுநாளு எவனோ ஒருத்தன் அந்த க்ளோசப்ப நிறுத்தி, பெருசு பண்ணி, சீலச் சுத்தி ஒரு செவப்பு வட்டம் போட்டு அனுப்பிருக்கான். நடிப்புன்னா சர்க்காரு முட்ட எதுக்கு? பள்ளிக்கூடச் சமையக்கூடத்துல எதுக்கு? நம்ம பிள்ளைங்க முட்டைய இந்தம்மா எம்புட்டு நாளா வீட்டுக்குக் கொண்டு போகுது? அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் எங்க ட்ரெய்லர எவனும் முழுசாப் பாக்கல. அந்த முட்டையும் அத்த முகமும் மட்டும் தனியா சுத்துது. அந்த முகத்தப் பாத்தா, நானே சொல்றேண்ணே, யாரா இருந்தாலும் களவாணின்னுதான் சொல்லுவாங்க. அம்புட்டு நல்லா வந்திருக்கு.

பெரிய டீச்சரு கூப்புட்டு, "பவுனு, கூட்டம் போட்டுப் பேசித் தீக்குற வரைக்கும் நீ வர வேணாம்"னு சொல்லிட்டாங்களாம். சாவியையும் வாங்கிக்கிட்டாங்களாம். அத்த எனக்குப் போன் பண்ணுச்சு. அழுகல. "மருமகனே, மீதிப் படத்த எப்பய்யா எடுக்கப் போற?"ன்னு கேட்டுச்சு. மீதியெல்லாம் இல்லத்தேன்னேன். "இல்லய்யா, அந்தக் காய்ச்சக்காரப் பிள்ளைக்கு ஊட்டுறது வருமில்ல, அதையும் சேத்துப் போட்டுவிடு. படத்த முழுசாப் பாத்தாகன்னா புரிஞ்சுக்கிருவாக"ன்னு சொல்லுச்சு. படம்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு நான் எம்புட்டுச் சொல்லியும் அத்தைக்கு வெளங்கல. எடுக்காத படத்துக்கு எப்பிடிய்யா வெளம்பரம் குடுத்தீகன்னு கேட்டுச்சு.

அந்தப் பிள்ளைக்கு ஊட்டுற துண்டத் தனியா எடுத்து அனுப்பிருக்கலாம்தான். நீங்க கேக்குறது புரியுது. ஆனா வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பிட்ட ட்ரெய்லருண்ணே அது. வெளிய வேற மாதிரி ஒண்ணு ஓடுச்சுன்னா வெலக்கிருவாய்ங்கன்னு சாரு சொன்னாரு. சாரு சொன்னாருன்னா, நான் போயிக் கேட்டேன், இருக்கலாம்ப்பான்னாரு.

அப்ப அத்த இன்னொண்ணு கேட்டுச்சு. "சரிய்யா, திங்கக்கெழம கூட்டம் வச்சிருக்காக. நீ மட்டும் ஒரு எட்டு வந்து, முட்ட கடையில வாங்குனது, சீலு நான் குத்துனதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரு. படிச்ச பயலு சொன்னா கேப்பாக." வர்றேன் அத்தேன்னேன். சத்தியமா வரணும்னுதான் இருந்தேன்.

இன்னிக்கு என்ன கெழம? ஆமாண்ணே. திங்கக்கெழமதான்.

இருங்க, சொல்லி முடிச்சுர்றேன். கோயம்புத்தூர்ல எல்லா காலேஜுக்கும் சேத்து நடக்குற போட்டியில எங்க ட்ரெய்லரு கடைசிச் சுத்துக்கு வந்துருச்சு. அதுவும் திங்கக்கெழமதான். நானா வச்சேன்? டைரக்டரு மேடைக்கு வந்து பேசணும், நடுவருங்க கேள்வி கேப்பாங்க, ஆளு வரலைன்னா கெடையாதுன்னுட்டாய்ங்க. ஆசிக்கு நேத்தே ரயில்ல போயிட்டான். மெர்லின் வரல, பேரக்கூட எடுத்துரச் சொல்லிருச்சு. போய்ட்டுப் போகுது.

நான் ஒண்ணும் அத்தைய அப்பிடியே விட்டுறல. நேர்ல வர முடியாதுத்த, பேசி வீடியோவா அனுப்புறேன், கூட்டத்துல போட்டுக் காட்டுங்கன்னேன். பக்கத்துல இருந்த மாமா போன வாங்கி, "வீடியோவ நம்பித்தான் மாப்ள இந்தக் கதியில நிக்கிறோம்"னாரு. அவரு எங்கிட்டக் கோவமாப் பேசுனது அது ஒண்ணுதான். இருந்தாலும் ரூம்ல சுவத்துக்கு முன்னாடி ஒக்காந்து எடுத்துப் பாத்தேன். சீலு குத்துனது நாந்தான், எங்க அத்த குத்தமில்லாதவுங்க. இதச் சொல்லணும், அம்புட்டுத்தான. மொதத் தடவ வெளிச்சம் சரியில்ல. அடுத்து குரல் நடுங்குச்சு, அது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடிக்கிற மாதிரி தெரிஞ்சுச்சு. திரும்பத் திரும்ப எடுத்தேண்ணே. ஒண்ணுலயுங்கூட நெசத்தச் சொல்ற ஆளு மாதிரி நான் இல்ல. அழிச்சுட்டேன்.

காலையில ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். உசிலம்பட்டி பஸ்ஸும் நிக்கிது, இந்தக் கோயம்புத்தூர் பஸ்ஸும் நிக்கிது. உசிலம்பட்டி பஸ்ஸுல ஏறி எடங்கூடப் போட்டேன். அப்ப ஆசிக்கு போன் பண்ணி, நடுவரா யாரு வந்திருக்கான்னு ஒரு பேரச் சொன்னான். அம்புட்டுப் பெரிய ஆளுண்ணே. அந்த ஆளு நம்ம ட்ரெய்லரப் பாக்கப் போறாருங்கிறான். எறங்கி இதுல ஏறிட்டேன். அத்தைக்குப் போன் போட்டு, இன்னிக்குக் காலேஜ்ல பரீட்ச, வர முடியாதுன்னு சொல்லிட்டேன். "பரிச்சையா? அப்ப வேணாம்யா, நீ எழுது. நான் பாத்துக்கிறேன்"னுச்சு. ஒரு சின்ன வருத்தங்கூடக் குரல்ல இல்ல. அதான்ணே எனக்கு என்னமோ பண்ணுது. ரெண்டு வார்த்த திட்டிருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியாப் போயிருப்பேன்.

நீங்க வேற ஏண்ணே தலைய ஆட்டுறீங்க. உங்க பிள்ளையா இருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க, போகாதம்பீங்களா? ஒரு முட்டண்ணே. ஒரு முட்ட வெவகாரம் பேசினாத் தீந்துரும். இது எனக்கு வாழ்க்க.

ஒரு நிமிசம். போன் ஆடுது. அத்ததான். கூட்டம் முடிஞ்சிருக்கும். எடுத்தா பஸ்ஸு சத்தம் கேட்டுரும்ணே, பரீட்ச எழுதுறவன் பஸ்ஸுல என்ன பண்றான்னு நெனைக்கும். நிக்கட்டும்.

நின்னுருச்சு. ஏதோ பேசி அனுப்பிருக்கு. கேக்கட்டுமா? நீங்களும் கேளுங்க, எனக்குத் தனியாக் கேக்கப் பயமா இருக்கு. ஹெட்போன்ல ஒரு பக்கத்தக் காதுல வச்சுக்கங்க.

"மருமகனே, அத்த பேசுறேன். நீ பரிச்ச எழுதிக்கிட்டு இருப்ப, பெறகு கேட்டுக்க. கூட்டம் முடிஞ்சிருச்சுய்யா. சீலு வச்ச முட்ட எப்பிடி வந்துச்சுன்னாக. கடையில வாங்குனதுதேன்னேன். அப்ப சீலு குத்துனது ஆருன்னாக. கவர்மெண்டு சீலப் பொய்யாக் குத்துனவன் மேல கேசு குடுப்போம், படிக்கிற பயன்னும் பாக்க மாட்டோம், உள்ள தள்ளிருவோம்னு நாலு பேரு எந்திரிச்சுட்டாக. அது நெசமான சத்துணவு முட்டதேன், நாந்தேன் எடுத்தேன்னு சொல்லிட்டேன்யா. ஒத்த முட்டதான, மன்னிச்சு விட்ருவாகன்னு நெனச்சேன். நாளையில இருந்து வர வேணாம்னுட்டாக. அதப் பத்தி நீ ஒண்ணும் நெனைக்காத. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சுக, அதுதேன் கொஞ்சம் சங்கட்டமாப் போச்சு. நீ ஆரு கேட்டாலும் சீலப் பத்தி வாயத் தெறக்காத, என்ன? நல்லா எழுதுய்யா."

ம்.

அம்புட்டுத்தாண்ணே.

மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்காதீங்க. திட்டுறதுன்னாலும் திட்டுங்க.

சரி, நான் ஒண்ணு சொல்றேன். இத வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அத்த அந்த "நாந்தேன் எடுத்தேன்"னு சொல்லுச்சுல்ல, அதக் கேட்டதும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? இந்தக் குரல அந்த முகத்துக்குப் பின்னாடி ஓட விட்டா எப்பிடி இருக்கும்னு தோணுச்சு. இதாண்டா படத்தோட முடிவுன்னு தோணுச்சு. அத்தைக்கு வேல போச்சேன்னு வரல. பிள்ளைங்க முன்னாடி களவாணின்னு ஒத்துக்கிருச்சேன்னு வரல. அதெல்லாம் பின்னாடிதான் வந்துச்சு. மொதல்ல வந்தது அதுதான். எனக்கே என்னயப் பாத்தா அருவருப்பா இருக்குண்ணே.

இப்ப எறங்கித் திரும்பிப் போனா என்ன ஆகும்? சீலு குத்துனது நாந்தான்னு சொன்னா எம்மேல கேசு. அதக்கூட விடுங்க. அத்த பொய் சொல்லுச்சுன்னு வேற ஆகும். சொல்லலைன்னா காலம் பூராம் களவாணி. நீங்க சொல்றது சரிதாண்ணே. போயித்தான் ஆகணும். எனக்குத் தெரியாமலா இருக்கு. மேடையில ஏறி எறங்குனதும் அடுத்த பஸ்ஸப் பிடிச்சு நேரா அங்கதான் போகப் போறேன். போயி எல்லார் முன்னாடியும் சொல்லிருவேன்.

மறுபடியும் அடிக்கிது. அத்ததான்.

எடுக்கிறேண்ணே, எடுக்கிறேன். இப்பவே சொல்லிர்றேன். நீங்க கேட்டுக்கிட்டே இருங்க.

அலோ. அத்த. ஆமா அத்த, கேட்டேன். நீங்க எதுக்குத்த அப்பிடி... இல்லத்த, நான் ஒண்ணு சொல்லணும். நான் இப்ப எங்க இருக்கேன்னா... என்னத்த? ஆமா. ஆமாத்த, பரீட்ச முடிஞ்சிருச்சு. இப்பத்தான் வெளிய வந்தேன், பஸ்ஸுல இருக்கேன். எல்லாம் வந்துச்சு அத்த. நல்லாத்தான் எழுதிருக்கேன்.